திங்கட்கிழமை மட்டும் பெய்யும் மழை

பின்டாலா வட்டாரத்தில், நோஸ்கே பள்ளம் என்று எல்லோரும் சொல்லும் பண்ணையில், மழை திங்கட்கிழமை மட்டும்தான் பெய்தது. மே மாதம் பாதியில் தொடங்கிய இந்த வழக்கம் ஆகஸ்ட் வரைக்கும் மாறவில்லை. செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். திங்களன்று பன்னிரண்டு மில்லிமீட்டர். அடுத்த திங்கள் ஒன்பது. அதற்கடுத்த திங்கள் பத்தொன்பது. சுற்றிலும் இருந்த நான்கு பண்ணைகளில் மழை தன் இஷ்டத்துக்கு வந்து போக, இந்த ஒரு பண்ணைக்கு மட்டும் மேகம் முறைவைத்து வந்து போயிருக்கிறது.

அடிலெய்டு வானிலை அலுவலகத்தில் இதைக் கண்டுபிடித்தவள் நெரிடா ஸாடோவ். நாற்பத்து நான்கு வயது. மாநிலமெங்கும் எண்ணூறு பண்ணைக்காரர்கள் தினம் காலை ஒன்பது மணிக்குத் தங்கள் மழைமானியைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, மாதக் கடைசியில் தபாலில் அனுப்புவார்கள். சம்பளம் கிடையாது. ஐம்பது வருடம் விடாமல் எழுதினால் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் வரும், அவ்வளவுதான். அந்த எண்ணூறு தாள்களையும் வரி வரியாகப் பார்த்துத் தப்பு பிடிப்பது நெரிடாவின் வேலை. தப்பு பிடிப்பதற்கென்றே பிறந்தவள் என்று அவளுடைய முன்னாள் கணவன் சொல்லுவான். அவன் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மேலதிகாரி ஆல்டன் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆளு உக்காந்த இடத்துலயே எழுதுறான். வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, மிச்ச நாளுக்கெல்லாம் முட்டை போடுறான். போன் பண்ணிப் பாத்தியா?"

"பண்ணினேன். 'எல்லாம் சரியாத்தான் இருக்கு'ன்னு சொல்லி வெச்சுட்டாரு."

"அப்ப மாசக் கடைசியோட அந்த இடத்தைப் பட்டியல்லேருந்து அடிச்சிடு. பொய்யான பதிவுக்கு இல்லாததே மேல்."

"அறுபத்தேழு வருஷப் பதிவு ஆல்டன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுல ஆரம்பிச்சது. ஒரு நாள் விட்டதில்ல."

"இப்ப விட்டுட்டான் இல்ல?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நெரிடாவுக்கு நியாயத்தைவிட ஒரு கேள்வி பெரிதாக இருந்தது. ஏன் திங்கட்கிழமை? சோம்பேறிக்கு எந்தக் கிழமையானால் என்ன?

அவள் எதையும் துருவாமல் விடமாட்டாள். அந்த மாதம் அவள் இன்னொன்றையும் துருவிக்கொண்டிருந்தாள். அலுவலகம் வெளியிடப்போகும் சிறு கலைச்சொல் கையேட்டுக்கு 'டிப்ரெஷன்' என்ற சொல்லுக்கு நாலு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். காற்றழுத்தம் சுற்றுப்புறத்தைவிடக் குறைந்த இடம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவள் முடிப்பாளா? வேறு எந்தெந்தத் தொழிலில் இந்தச் சொல் புழங்குகிறது என்று ஆள் ஆளாகப் போன் போட்டுக் கேட்டு ஒரு நீல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நமக்குக் காற்றழுத்தத் தாழ்வு வேறு, பள்ளம் வேறு, பொருளாதாரப் பெருமந்தம் வேறு, மனச்சோர்வு வேறு. ஒன்றைச் சொன்னால் இன்னொன்று ஞாபகத்துக்கு வராது. அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். எது எதைச் சொல்கிறது என்று பேசுகிற ஆளை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மலை உச்சியிலிருந்து கீழே பார்க்கும் கோணத்துக்கு அந்தச் சொல் என்றான் நில அளவையாளனான அவள் மைத்துனன். சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இறங்கியிருக்கிறது என்பதற்கும் அதுதான் என்றார் வானாய்வுக்கூடத்து ஆள். ஆறு பாகை இறங்கும்வரை விளக்கில்லாமல் பேப்பர் படிக்கலாமாம். உப்புப் போட்டால் தண்ணீர் உறைய இன்னும் அதிகக் குளிர் தேவைப்படுவதற்கும் அதே சொல் என்றாள் பக்கத்து வீட்டு வேதியியல் டீச்சர்.

நோட்டில் பக்கம் நிறைந்துகொண்டே வந்தது. திங்கட்கிழமைக்கு மட்டும் விடை வரவில்லை.

தாளை எடுத்து மறுபடி மறுபடி பார்த்தாள். ஒரே ஒரு இடத்தில் ஒழுங்கு பிசகியிருந்தது. ஜூன் மூன்றாம் வாரம் திங்களன்று பூஜ்யம், செவ்வாயும் பூஜ்யம், புதனன்று முப்பத்தொன்று. பக்கத்துப் பண்ணைகளின் தாளைப் பார்த்தால் அந்தத் திங்களும் செவ்வாயும் அடைமழை. அதாவது, மழை பெய்கிறது என்பதற்காக மழையை அளக்க யாரும் வெளியே வரவில்லை. இதென்ன கூத்து?

விடை அவள் வீட்டுக் கொல்லையில் கிடைத்தது. அடுத்த திங்கள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன், மகனுடைய கால்பந்துச் சட்டைகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தூறல் விழுந்தது. அவசர அவசரமாகத் துணியைத் திரும்பக் கூடையில் அள்ளியவள், பாதியில் நின்றாள்.

திங்கட்கிழமை துவைக்கிற நாள். அவளுக்கும், அவள் அம்மாவுக்கும், அந்த ஊர்ப்பக்கம் அத்தனை வீட்டுக்கும். மழை பெய்தால் துணி காயப்போட மாட்டார்கள். வெயில் வந்த பிறகுதான் போடுவார்கள்.

நோஸ்கே பள்ளத்து மழைமானி துணிக்கொடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. துணி காயப்போட வரும்போது மட்டும்தான் அதை யாரோ பார்க்கிறார்கள்.

இப்படி ஒரு விடை கிடைத்தால் வேறு யாராவது சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அவளுக்கோ இன்னும் அரித்தது. மே வரைக்கும் தினம் பார்த்த ஆள் எங்கே போனார்? அதற்கடுத்த திங்கள் ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு, இருட்டு பிரியும் முன்பே காரை எடுத்துக் கிளம்பினாள். மாதம் முடிய இன்னும் ஏழு நாள் இருந்தது.

மணல் மேடுகளுக்கு நடுவில், கிண்ணத்தின் அடியில் வைத்தது போல இருந்தது பண்ணை வீடு. அவள் இறங்கியபோது ஒன்பதேகால். வீட்டின் பின்பக்கம் ஒரு உயரமான மனிதர், தலையில் தொப்பி, வாயில் இரண்டு துணிக் கிளிப்புகளோடு, ஈரச் சட்டை ஒன்றைத் தோளைப் பிடித்துக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார். சட்டையை அப்படி மாட்டினால் தோளில் கொம்பு முளைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போல. கொடியிலிருந்து நாலே எட்டில் மழைமானி.

"யாரும்மா நீங்க?" என்றார், கிளிப்பை எடுக்காமலே.

"வானிலை ஆபீஸ்லேருந்து வர்றேன். நெரிடா. போன்ல பேசினோமே. நீங்கதானே டெஸ் நோஸ்கே?"

மனிதர் முகம் செத்துவிட்டது. கிளிப்புகளை எடுத்துப் பாக்கெட்டில் போட்டார்.

நெரிடா அவரைப் பார்க்கவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய வேலைச் சட்டைகள் ஆறு. சாக்ஸ். துண்டுகள். அப்புறம் பெண்கள் இரவில் போடும் பருத்தி அங்கிகள், ஐந்து. வெளியே போட்டுக்கொண்டு போகிற பாவாடையோ, ரவிக்கையோ, கம்பளிச் சட்டையோ ஒன்றுகூட இல்லை. ஒரு வாரத் துணி இது. இந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். ஒரு வாரமாக அவள் படுக்கிற உடையைத் தவிர வேறு எதையும் உடுத்தவே இல்லை.

புதிர் அவிழ்ந்த சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"மழைமானியைத் தினம் பாத்தது நீங்க இல்ல, இல்லையா டெஸ்?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அப்பா ஆரம்பிச்சது. அப்புறம் என் பேருக்கு வந்துது. ஒம்பது மணிக்கு நான் டிராக்டர்ல இருப்பேன். கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து ரோமாதான் பாத்தா. முப்பத்திரண்டு வருஷம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனப்பகூட அங்கேருந்து போன் பண்ணி என்னை விரட்டிப் பாக்க வெச்சா. எனக்கு வந்த பத்திரம் சுவத்துல தொங்குது. அவ பேரு அதுல இல்ல."

"இப்ப அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எழுந்திரிக்க மாட்டேங்குறா. மே மாசத்துலேருந்து." குரலைத் தாழ்த்தினார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. "இந்த வருஷம் மழை நல்லா இருக்கு, கோதுமை நல்லா இருக்கு, பசங்க நல்லா இருக்காங்க. எதுக்குன்னே தெரியல. டவுன் டாக்டர் டிப்ரெஷனா இருக்கலாம்னாரு. எனக்குத் தெரிஞ்ச டிப்ரெஷன் ரெண்டுதான். ஒண்ணு எங்கப்பா காலத்துல வந்தது, கோதுமையை வாங்க ஆளில்லாம எலிக்குப் போட்டாங்க. இன்னொண்ணு நீங்க ரேடியோல சொல்றது. ரெண்டும் தானா வந்து தானா போச்சு. இதுவும் போயிடும்னு இருந்தேன்."

"மருந்து குடுக்கலையா?"

"ஒரு படிவம் குடுத்தாரு. பத்துக் கேள்வி. தூக்கம் வருதா, அழுகை வருதா, வாழ்ந்து என்ன பண்ணப்போறோம்னு தோணுதா... தினம்னா மூணு, இல்லவே இல்லன்னா பூஜ்யம். இவ பத்துக்கும் பூஜ்யம் போட்டுட்டா. 'இதை வெச்சு நான் என்ன பண்ண முடியும் டெஸ், அவங்களே சொல்லணும்'னு இரும்புச்சத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு."

"அந்த மழைத் தாளு..."

"தெரியும். அடிக்கப் போறீங்க." அவர் கண் கலங்கியதை மறைக்கவில்லை. "ஜூன்ல ஒரு நாள் கேட்டா. அந்த மாசம் பூரா அவ கேட்ட ஒரே கேள்வி அதுதான். 'மானியைத் தினம் பாக்குறியா டெஸ்?' பாக்குறேன்னுட்டேன். நீங்க அடிச்சீங்கன்னா கடுதாசி வரும். நான் பொய் சொன்னது தெரிஞ்சுடும். அவளுக்கு மிச்சம் இருந்த ஒண்ணும் போயிடும். அதுக்கப்புறம் அவ என்ன பண்ணுவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு அம்மா."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு டெஸ்?"

"ஒண்ணுமில்ல! வழி கேட்டு வந்தவங்க!"

"வழி கேக்க இந்தப் பள்ளத்துக்கு எவ வருவா? உள்ள கூட்டிட்டு வா."

ரோமா நோஸ்கே கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. திரைச்சீலை மூடியிருந்தது. நெரிடா தன் பேரைச் சொன்னாள், வானிலை அலுவலகம் என்றும் சொன்னாள். டெஸ் கதவருகே நின்று நெரிடாவைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினார்.

"கையில என்ன நோட்டு?" என்றாள் ரோமா.

காரிலிருந்து இறங்கும்போது எடுத்த நீல நோட்டு கையிலேயே இருந்தது. நெரிடாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "ஒரு வார்த்தையைப் பத்தி எழுதிட்டிருக்கேன். எந்தெந்தத் தொழில்ல எப்படிச் சொல்றாங்கன்னு."

"எந்த வார்த்தை?"

நெரிடா சொன்னாள். கதவருகே டெஸ் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

ரோமா கையை நீட்டினாள். நோட்டை வாங்கி, மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்தாள். விரல் ஒரு வரியில் நின்றது.

"மீனுக்குமா?"

"மியூசியத்துல மீன் பிரிவுல ஒருத்தர் சொன்னாரு. மேலேருந்து அமுக்கின மாதிரி தட்டையான உடம்பு இருந்தா அப்படித்தான் எழுதுவாங்களாம். திருக்கை மீன் அந்த ரகம்."

"கடலடில ஒட்டிக்கிட்டுக் கிடக்குமே."

"அதேதான்."

"அதுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"நானும் கேட்டேன். அவருக்குத் தெரியலை."

ரோமாவின் உதடு ஒரு பக்கம் கோணியது. மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு என்று டெஸ் பிற்பாடு சொன்னார். சிரிப்பு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த மனிதர் கணக்கில் அது சிரிப்பு.

நெரிடாவுக்கு அதில் தைரியம் வந்துவிட்டது. "காத்தழுத்தத்துக்கு இத்தனைக்குக் கீழ போனாத்தான் தாழ்வுன்னு ஒரு அளவே கிடையாது, தெரியுமா? சுத்தி இருக்கறதை விடக் குறைஞ்சிருந்தாப் போதும். காரணம்கூட..."

"ஏம்மா, என்னை வானிலை அறிக்கை ஆக்காதே," என்றாள் ரோமா. நோட்டை மூடினாள். "நீ எதுக்கு வந்தேன்னு சொல்லு. மீன் கதை சொல்ல நாலு மணி நேரம் கார் ஓட்டிட்டு வரமாட்டே."

நெரிடா டெஸ்ஸைப் பார்த்தாள். அந்தப் பெரிய கைகள் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தன. மறைத்துப் பேசலாம். சட்டத்துக்குப் புறம்பாக எதையாவது எழுதி ஆல்டனிடம் கொடுத்துப் பதிவைக் காப்பாற்றவும் செய்யலாம். இன்னொரு பொய். அவளுக்கு வாழ்க்கையில் பிடித்த ஒரே விஷயம் தப்பைச் சரிசெய்வது. இந்த அறையில் அதைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்க தாள்ல மே மாசத்துலேருந்து மழை திங்கட்கிழமை மட்டும்தான் பெய்யுது. மத்த நாளெல்லாம் பூஜ்யம்."

ரோமாவின் தலை மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பியது. "டெஸ்?"

"துணி காயப்போடறப்ப பாத்தேன் ரோமா. மத்த நாள்ல... மறந்துட்டேன். விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"அதுக்குப் பூஜ்யம் எழுதினியா? பாக்காமயே?"

"காலியா விட்டா அடிச்சிடுவாங்கன்னு நெனச்சேன்."

"இல்ல டெஸ்," என்றாள் நெரிடா. குரல் உயர்ந்துவிட்டது. தொழிலைப் பற்றிப் பேசும்போது அவளுக்கு அப்படித்தான். "காலியா விட்டிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. காலியா இருந்தா யாரும் பாக்கலைன்னு எங்களுக்குப் புரியும். ஏழு நாளைக்கும் சேத்து ஒரு கோடு போட்டு மொத்தத்தை எழுதினாப் போதும், பக்கத்துப் பண்ணையை வெச்சு நாங்க பிரிச்சுக்குவோம். பூஜ்யம் அப்படி இல்ல. பூஜ்யம்னா, போனேன், பாத்தேன், ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். அதை நாங்க அப்படியே நம்பிடுவோம். நம்பினதுக்கப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே கொடியில் துணி படபடத்தது.

ரோமா போர்வையின் ஓரத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"பத்துப் பூஜ்யம்," என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

டெஸ்ஸுக்குப் புரியவில்லை. நெரிடாவுக்குப் புரிந்தது. வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளை அறிந்தவர்களுக்குத் தெரியும். இருந்தாள்.

"டாக்டர் குடுத்த தாள்ல," என்றாள் ரோமா. "கேள்வியைப் படிக்கவே இல்ல டெஸ். படிக்கத் தெம்பில்ல. மேலேருந்து கீழ வரைக்கும் முட்டை போட்டேன். சர்ச்சுலேருந்து ஹெட்விக் போன் பண்ணினாலும் அதேதான், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். என்ன இருக்குன்னு நான் பாக்கவே இல்ல. பாக்கப் பயமா இருந்துது." அவள் டெஸ்ஸைப் பார்த்தாள். "உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல."

டெஸ் வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றாமல் படுக்கையறைக்குள் வந்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு டாக்டர்ட்ட போலாமா?"

"நாளைக்கு முடியுமான்னு தெரியல."

"சரி. நாளன்னிக்கு."

"அந்தப் படிவத்தை எடுத்துட்டு வா. புதுசா ஒண்ணு அவர்கிட்ட இருந்தா வாங்கிட்டு வா. நீ கேள்வியைப் படி. நான் சொல்றேன்."

நெரிடா எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீரைச் சூடாக்கி, தேநீர்ப் பாத்திரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மூன்று கோப்பை டீ போட்டாள். டப்பாவில் இருந்த பழ கேக் கல்லாகியிருந்தது. இருந்தாலும் வெட்டி வைத்தாள். கிளம்பும்போது மழைமானியைப் பார்த்து, அந்த வாரத்து எட்டு மில்லிமீட்டரையும் டெஸ்ஸின் கையாலேயே ஏழு நாளுக்குக் கோடு போட்டு எழுத வைத்தாள். நெரிடா காரில் கொண்டுவந்திருந்த பழைய தாள்களில் மே மாதத்திலிருந்து இருந்த பூஜ்யங்களை அவரே ஒவ்வொன்றாக அடித்தார். அவருக்கு அதற்கு அரை மணி நேரமாயிற்று.

ஆல்டன் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, "வாராந்திர மொத்தம்னு போட்டுக்கோ, பட்டியல்ல இருக்கட்டும்," என்றார். "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"துணி துவைச்சு," என்றாள்.

செப்டம்பர் முழுக்க அவள் போன் பண்ணவில்லை. பண்ண வேண்டும் என்று விரல் அரித்தது. அது தன் வேலை இல்லை என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கையேட்டுக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தாள், காற்றழுத்தத்தைப் பற்றி மட்டும்.

அக்டோபர் முதல் வாரம் தபால் கட்டில் பின்டாலா உறை வந்தது. மற்ற உறைகளை ஒதுக்கிவிட்டு அதை முதலில் பிரித்தாள். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் டெஸ் நோஸ்கே அடிக்கப்பட்டு, ரோமா நோஸ்கே என்று எழுதியிருந்தது. தாளில் முக்கால்வாசி காலி. திங்களுக்குத் திங்கள் கோடும் மொத்தமும், டெஸ்ஸின் முரட்டு எழுத்தில். ஒன்பதாம் தேதிக்கு எதிரே, குறிப்பு எழுதும் கட்டத்தில், வேறு கையெழுத்து: 'எழவில்லை.' பத்தாம் தேதி: 'எழவில்லை.' பதினாறு: 'டாக்டர். மூன்றாவது தடவை.' பதினேழு: 'எழவில்லை.' இருபத்தொன்று: 'ஜன்னல் வரை.'

நெரிடா விரலை வைத்துக் கீழே இறங்கினாள். மாதம் முடியப்போகிறது. அந்த இரண்டாவது கையெழுத்தில் எண் எதுவும் இல்லை. இருபத்தெட்டாம் தேதி, திங்கட்கிழமை, டெஸ்ஸின் கோடும் மொத்தமும், நாலு மில்லிமீட்டர். இருபத்தொன்பது காலி.

முப்பதாம் தேதிக் கட்டத்தில், ரோமாவின் கையெழுத்தில், அழுத்தி எழுதப்பட்ட ஒரு பூஜ்யம் இருந்தது. பக்கத்துப் பண்ணைகளின் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். அன்று எங்கும் மழை இல்லை. சரியாகத்தான் இருந்தது.

குறிப்புக் கட்டத்தில் மூன்றே சொல்: 'நானே போய்ப் பார்த்தேன்.'